கல்விக் கடன்

கல்விக் கடன் என்பது மேற்படிப்புக்கான கட்டணத்தையும் அதைச் சார்ந்த செலவுகளையும் வங்கி முன்னதாகச் செலுத்திவிட, படிப்பு முடிந்த பிறகு மாணவர் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டும் கடன். வீட்டுக் கடனுக்கு வீடு ஈடாகிறது, நகைக் கடனுக்கு நகை ஈடாகிறது. சிறிய தொகைக் கல்விக் கடனில் ஈடு என்று எதுவும் இருப்பதில்லை. மாணவர் பின்னாளில் வாங்கப்போகும் சம்பளத்தை நம்பியே வங்கி பணம் தருகிறது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுவதால், தவணை நின்றால் பொறுப்பு அவர்கள் மீதும் விழும்.

தமிழ்நாட்டில் 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியின்போது சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் இடங்கள் பெருகின. கட்டணச் சுமை குடும்பங்களுக்கு மாறியது. அதே நிலை நாடெங்கும் வளர்ந்தபோது, இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தை வகுத்தது. இன்றுவரை பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன்கள் பெரும்பாலும் இந்த மாதிரியை ஒட்டியே அமைகின்றன. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்தபோது சிவகங்கைத் தொகுதியில் வங்கிகள் நடத்திய கல்விக் கடன் முகாம்கள், கிராமத்துக் குடும்பங்களுக்கும் இக்கடனைக் கொண்டுசேர்த்தன. தமிழ்நாடும் கேரளமும் நெடுங்காலமாகக் கல்விக் கடன் அதிகம் பெறும் மாநிலங்களின் வரிசையில் இருந்துவருகின்றன.

மாதிரித் திட்டத்தின்படி 4 லட்சம் ரூபாய் வரை ஈடு தேவையில்லை. கைப்பணமும் போட வேண்டாம். அதற்கு மேற்பட்ட தொகைக்கு, உள்நாட்டுப் படிப்பானால் செலவில் 5 விழுக்காட்டையும் வெளிநாட்டுப் படிப்பானால் 15 விழுக்காட்டையும் குடும்பம் ஏற்க வேண்டும். ஏழரை லட்சத்தைத் தாண்டினால் சொத்து ஈடு கேட்கப்படும். 2015இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதி, ஏழரை லட்சம் வரையிலான கடன் வாராமற்போனால் அதில் 75 விழுக்காட்டை வங்கிக்கு ஈடுசெய்கிறது. ஆகவே இந்த வரம்புக்குள், உத்தரவாதத்தின் கீழ் வரும் கடனுக்கு ஜாமீன்தாரோ சொத்துப் பத்திரமோ கேட்கக் கூடாது என்பதே விதி. கிளைகளில் இதை எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை இன்னும் இருக்கிறது என்பது வருந்தத்தக்கது.

கல்விக் கட்டணத்தோடு விடுதி, தேர்வு, நூலகம், ஆய்வகக் கட்டணங்களும், புத்தகம், கணினி போன்றவையும் கடனில் அடங்கும். கட்டணத் தொகை மாணவர் கைக்கு வராமல் நேரே கல்லூரிக் கணக்குக்குச் செல்லும். கல்லூரி தரும் போனஃபைடு சான்றிதழும் ஆண்டுவாரியான கட்டண விவரமும் இதற்கு அடிப்படை. அந்த விவரத்தாளில் இடம்பெறாத செலவுக்கு வங்கி பணம் தராது. ரசீது இல்லாமல் வாங்கப்படும் நன்கொடைக்கு வெளியில் கைமாற்று வாங்கும் குடும்பங்கள், கந்துவட்டியையும் வங்கி வட்டியையும் ஒருசேரச் சுமக்கின்றன. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு மாதிரித் திட்டத்தின் சலுகைகள் எளிதில் கிடைப்பதில்லை.

கடனின் பாரம் எங்கே கூடுகிறது என்பதுதான் கவனித்துப் பார்க்க வேண்டிய இடம். படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். அதுவரை தவணை இல்லை என்பதால் வட்டியும் இல்லை என்று பல பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். வட்டியோ முதல் தொகை கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே ஓடுகிறது. விடுப்புக் காலத்தில் அது தனிவட்டியாகக் கணக்கிடப்பட்டு, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்க்கப்படுகிறது. நான்காண்டுப் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு லட்சம் வீதம், 10 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கியதாகக் கொள்வோம். ஐந்தாண்டு முடிவில் முதல் லட்சத்துக்கு 50,000, இரண்டாவதற்கு 40,000, மூன்றாவதற்கு 30,000, நான்காவதற்கு 20,000 என வட்டி 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். தவணை கணக்கிடப்படும் அசல் 4 லட்சமல்ல, 5,40,000 ரூபாய்.

இதைப் பத்தாண்டில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். மொத்தம் கட்டுவது சுமார் 8,56,000. பதினைந்தாண்டு வரை தவணைக் காலத்தை நீட்டலாம். அப்போது தவணை 5,800 ரூபாயாக இறங்கும். மொத்தமோ 10 லட்சத்து 44 ஆயிரத்தைத் தாண்டும். மாறாக, விடுப்புக் காலம் முழுவதும் வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் முதலாண்டில் மாதம் 833 ரூபாய் போதும். ஆண்டுக்கு ஆண்டு அது கூடி, நான்காம் ஆண்டில் 3,333 ஆகும். அசல் 4 லட்சத்திலேயே நிற்பதால், பத்தாண்டுத் தவணை 5,290 ரூபாய்க்குள் அடங்கும். முன்னரே கட்டிய வட்டியையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 7,74,000. இப்படி வட்டி கட்டிவருவோருக்கு ஒரு விழுக்காடு வரை வட்டிச் சலுகை தரவும் மாதிரித் திட்டம் இடம்தருகிறது. முழு வட்டியும் கட்ட முடியாத வீடுகள் முடிந்ததைக் கட்டினாலும் அந்த அளவுக்கு அசல் வீங்காமல் இருக்கும்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இந்த வட்டியை ஒன்றிய அரசே ஏற்கும் மானியத் திட்டம் 2009–10 கல்வியாண்டில் தொடங்கியது. பெற்றோரின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வியோ தொழில்நுட்பக் கல்வியோ படித்தால், விடுப்புக் காலத்து வட்டி முழுவதும் மானியமாகக் கிடைக்கும். கனரா வங்கி இதன் ஒருங்கிணைப்பு வங்கி. மானியம் தானாக வந்துசேர்வதில்லை. வருமானச் சான்றிதழைக் கிளையில் கொடுத்து, மானியக் கணக்காகப் பதிவாகியிருக்கிறதா என்று ஆண்டுதோறும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். படிப்பை நடுவில் விட்டவருக்கும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவருக்கும் இது கிடையாது. 2018 முதல், தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கும் படிப்புகளுக்கும் மட்டுமே மானியம் என்று ஆனது. ஆகவே சேரும் முன்பே கல்லூரியின் தரச்சான்றைப் பார்த்துக்கொள்வது பணத்தோடு நேரடியாகத் தொடர்புடைய செயல். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் சேர்வோரில் குடும்ப வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 விழுக்காடு வட்டி மானியம் தருகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர் என்பது அதன் வரம்பு.

கடனைச் சமாளிக்கும் முதல் வழி, கடன் தொகையையே குறைப்பது. தமிழ்நாட்டில் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேரும், குடும்பத்தின் முதல் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை மாநில அரசே ஏற்கிறது. மாநில அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் தகுதியுள்ள மாணவியருக்கும், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் தகுதியுள்ள மாணவருக்கும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. மேலே கண்ட கணக்கில் முதலாண்டு வட்டியைக் கட்ட அந்த ஆயிரம் ரூபாயே போதும்.

தவணை தொடங்கிய பின், 90 நாளுக்கு மேல் நிலுவை நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. மாணவர், பெற்றோர் இருவரின் கடன் வரலாற்றிலும் அது பதிவாகும். வேலை கிடைக்கத் தாமதமானால் நிலுவை விழும் முன்பே கிளைக்குச் சென்று, தவணையை மாற்றியமைக்க எழுத்தில் கேட்பது நல்லது. வாராக்கடனான பிறகு வங்கிகள் கடன்களைச் சொத்து மீட்டமைப்பு நிறுவனங்களுக்கு விற்றதும், வசூல் முகவர்கள் வீடு தேடி வந்து மிரட்டியதும் தமிழ்நாட்டில் நடந்திருக்கின்றன. அப்படி மிரட்டுவதை ரிசர்வ் வங்கி விதிகள் தடுக்கின்றன. நிலுவையைக் குறைத்துப் பேசி ஒரே தடவையில் கட்டும் ஒருமுறைத் தீர்வில் கடனை முடித்தால், முழுதும் அடைக்கப்பட்டதாக அல்லாமல் சமரசமாக முடிக்கப்பட்டதாகவே பதிவு இருக்கும்.

கையில் பணம் சேரும்போது முன்கூட்டி அடைப்பதற்கு, மாறும் வட்டியில் உள்ள தனிநபர் கடன்களில் அபராதம் இல்லை. பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போர், கட்டிய வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து எட்டாண்டு வரை கழித்துக்கொள்ளலாம். புதிய முறையில் இந்தக் கழிவு கிடையாது.

தள்ளுபடியை எதிர்பார்த்துத் தவணையை நிறுத்துவோரும் உண்டு. தேர்தல்தோறும் அந்தப் பேச்சு எழுகிறது. 2014ஆம் ஆண்டு இடைக்கால பட்ஜெட்டில், 2009 மார்ச் 31 வரை வாங்கிய கடன்களில் 2013 இறுதி வரை நிலுவையில் இருந்த வட்டியை ஒன்றிய அரசு ஏற்றுக்கொண்டது. அப்போதும் அசலை மாணவர்களே கட்ட வேண்டியிருந்தது. வாக்குறுதியை நம்பி நிறுத்திய தவணைக்கு வட்டி மட்டும் நிற்பதில்லை.

மாணவரின் கடன் மதிப்பெண் குறைவு என்பதைக் காரணமாக்கி அவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வங்கிக்குப் புகார் அனுப்பி 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.