பசியும் நிறைவும்: உணவின் அளவை மூளை ஒழுங்குபடுத்தும் விதம்

நாம் எவ்வளவு உண்கிறோம் என்பதை வயிறு மட்டும் தீர்மானிப்பதில்லை. மூளையின் அடிப்பகுதியில் பாதாம் பருப்பளவே உள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி, இரைப்பை, குடல், கணையம், கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்து வரும் ஹார்மோன் செய்திகளைப் பெற்று, பசியையும் நிறைவையும் ஒழுங்குபடுத்துகிறது. எனவே, மிகுபசியையோ உடல் பருமனையோ மனவுறுதியின்மை என்று மட்டும் கருதுவது சரியன்று.

இதை ஏன் அறிந்திருக்க வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று, 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் வயதுவந்தோரில் 26.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு உள்ளது, 53.3 சதவீதத்தினருக்கு உடல் பருமன் உள்ளது. இவர்களுள் பலர் உணவைக் குறைக்க முயன்று தோல்வியுற்று, தம்மையே நொந்துகொள்கின்றனர்.

பசியைத் தூண்டுவது

இரைப்பை வெறுமையாகும்போது கிரெலின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இது 1999-இல் ஜப்பானிய அறிவியலாளர்களால் கண்டறியப்பட்டது. ஹைப்போதலாமஸில் உள்ள பசி நரம்பணுக்களை இது தூண்டுகிறது. வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போதும் இதன் அளவு உயர்கிறது.

நிறைவை உணர்த்துபவை

உணவு குடலை அடைந்ததும் ஜி.எல்.பி-1, கோலிசிஸ்டோகைனின் முதலியவை சுரந்து, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. இவ்வுணர்வு முழுமையாக எழச் சுமார் 20 நிமிடங்கள் ஆகலாம். 1994-இல் கண்டறியப்பட்ட லெப்டின், கொழுப்புத் திசுவில் உருவாகி, உடலின் கொழுப்பு இருப்பை மூளைக்குத் தெரிவிக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு லெப்டின் மிகுதியாக இருப்பினும், மூளை அதற்கு உரிய அளவில் செவிசாய்ப்பதில்லை.

எடை குறைந்தபின் பசி கூடுவது ஏன்?

எடை குறையும்போது லெப்டின் குறைகிறது, கிரெலின் உயர்கிறது. பஞ்சம் வந்துவிட்டதாகக் கருதும் உடல், இழந்த கொழுப்பை மீட்க முயல்கிறது. இம்மாற்றம் ஓராண்டுக்குப் பின்னரும் நீடிக்கலாம். எனவே, கடும் பட்டினியைவிடப் படிப்படியான, நீடித்த மாற்றமே ஏற்றது.

நீங்கள் செய்யக்கூடியவை

• உணவை மென்று, நிதானமாக உண்ணவும். இரண்டாம் முறை சோறு இட்டுக்கொள்ளும் முன் சற்றுக் காத்திருக்கவும்.
• சோற்றின் அளவைக் குறைத்து, கீரை, காய்கறி, பயறு ஆகியவற்றையும், பொரிக்காமல் குழம்பாகச் சமைத்த மீனையும் கூட்டவும். புரதமும் நார்ச்சத்தும் நிறைவை நீட்டிக்கும்.
• போதிய உறக்கம் கொள்ளவும். உறக்கம் குறைந்தால் பசி மிகும். இரவில் கடலுக்குச் செல்வோரும் இரவுப் பணியாளரும் பகலில் உறங்குவதற்கென நேரம் ஒதுக்கவும்.
• பராமரிப்பாளர்கள் நோயாளியைக் கடிந்துகொள்வதைத் தவிர்த்து, வீட்டார் அனைவருக்கும் ஒரே வகை உணவைச் சமைக்கவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

• மிகுபசி, மிகுதாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், எடை குறைதல் ஆகியவை சேர்ந்து தோன்றினால் (நீரிழிவாகவோ, தைராய்டு மிகைச் சுரப்பாகவோ இருக்கலாம்).
• பசியின்மையும் எடைக் குறைவும் இரு வாரங்களுக்கு மேல் நீடித்தால். இருமலோ காய்ச்சலோ இருப்பின் காசநோய்ப் பரிசோதனை அவசியம்.
• ஸ்டீராய்டு அல்லது மனநல மருந்து தொடங்கியபின் பசி மிகுந்தால். மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம்.
• குழந்தைக்கு உண்டபின்னும் அடங்காப் பசியும் விரைவான எடைக் கூடுதலும் இருந்தால்.

இன்சுலின் அல்லது நீரிழிவு மாத்திரை எடுத்துக்கொள்பவருக்குத் திடீர்ப் பசி, வியர்வை, நடுக்கம் ஏற்பட்டால், அது இரத்தச் சர்க்கரை குறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து கொடுக்கவும். மயங்கியவருக்கு வாய்வழி எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழைக்கவும்.

ஜி.எல்.பி-1 ஹார்மோனைப் போன்று செயல்படும் எடைக் குறைப்பு ஊசிமருந்துகள் தற்போது கிடைக்கின்றன. மருத்துவரின் பரிந்துரையின்றி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் பசியில் ஏற்படும் மாற்றத்தைத் தயக்கமின்றி அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரிவிக்கவும்.