ஒரு திருத்தம்: செக்ரடேரியட் ஏன் மூன்று வயதில் ஓய்வு பெற்றது?



போன வாரம் பேரன் ‘செக்ரடேரியட்’ படம் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகமா ஓடுற குதிரை அடுத்த வருஷம் ஏன் ஓடலை தாத்தா?" என்றான். வகுப்பில் உங்களிடம் "காலில் அடிபட்டு ஓய்வு பெற்றது" என்று ஒருமுறை சொன்ன ஞாபகம். அது தவறு. தேடிப் படித்த பிறகு எழுதுகிறேன்.

1973 ஜனவரியில் குதிரையின் சொந்தக்காரர் கிறிஸ்டோபர் செனரி இறந்தார். வாரிசு வரி கழுத்தை நெரித்தது. மகள் பென்னி குதிரையை 32 பங்குகளாக்கி, பங்கு 1,90,000 டாலருக்கு விற்றார். மொத்தம் 60 லட்சத்து 80 ஆயிரம். அந்த ஆண்டின் முதல் பந்தயத்தில்கூட அது அப்போது ஓடியிருக்கவில்லை! பங்குதாரர்கள் வாங்கியது ஓட்டத்தை அல்ல, வித்தை. ஆண்டுக்கு ஒரு பெண்குதிரையை அதனிடம் அனுப்பும் உரிமை அது. நிபந்தனை ஒன்றுதான்: மூன்று வயது முடிந்ததும் குதிரை பொலிபண்ணைக்கு வந்துவிட வேண்டும்.

ஜூன் 9, பெல்மாண்ட் பந்தயத்தில் 31 குதிரை நீளம் முன்னால் வந்து வென்றது. ஒன்றரை மைல், 2 நிமிடம் 24 விநாடி. அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். வாழ்நாளில் ஓடிச் சம்பாதித்த பரிசு சுமார் 13 லட்சம் டாலர்தான். ஓடினால் தோற்கலாம், கால் முறியலாம். பண்ணையில் நின்றால் இரண்டு பயமும் இல்லை. இந்த இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி கிடையாது, குதிரை நேரில் சேர வேண்டும். அதனால் ஓடிக்கொண்டே இந்த வருமானத்தையும் பார்ப்பது எளிதல்ல.

2018இல் ஜஸ்டிஃபை என்ற குதிரை பிப்ரவரியில் முதல் ஓட்டம் ஓடி, ஜூலையில் ஓய்வு பெற்றது. மொத்தம் ஆறே பந்தயம், ஆறும் வெற்றி. கணுக்கால் வீக்கம் என்றார்கள். இருந்திருக்கலாம். பொலிக்கு உதவாத குதிரையாக இருந்தால் வீக்கம் வற்றும்வரை காத்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அதற்குச் சாட்சி கெல்சோ. காயடிக்கப்பட்ட குதிரை, வித்துக்கு விலை கிடையாது. ஆகவே ஒன்பது வயதுவரை ஓடியது. 63 பந்தயம், 39 வெற்றி. 1960 முதல் 1964 வரை ஐந்து ஆண்டும் அமெரிக்காவின் சிறந்த குதிரை அதுவே. ரசிகர்கள் ஒரு குதிரையோடு வருடக்கணக்கில் பழக முடிந்தது, பாவம், அதைக் காயடித்த புண்ணியத்தால்!

செக்ரடேரியட்டின் கடைசி ஓட்டம் 1973 அக்டோபர் 28, கனடாவின் டொரண்டோவில். அதிலும் வென்றது. அடுத்த மாதமே கென்டக்கி பண்ணைக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அப்போ கெல்சோவைப் பத்திப் படம் இருக்கா தாத்தா?" என்கிறான் பேரன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் கீழே எழுதுங்கள்.