மலையடிவார மழைநீரும் கட்டட வடிவமைப்பும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், சுமார் 11 கி.மீ. இடைவெளியில் ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் அமைந்துள்ளன. 2011 கணக்கெடுப்பின்படி முன்னதில் சுமார் 1.3 லட்சம் பேரும் பின்னதில் சுமார் 75 ஆயிரம் பேரும் வசித்தனர். இவ்விரு ஊர்களிலும் எழுகிற கட்டடம் எதுவானாலும், அநேகமாக ஏதோவொரு கண்மாயின் வரத்துப் பரப்பிலோ, ஆயக்கட்டிலோ, மறுகால் வழியிலோதான் நிற்கிறது. அதனால் இங்கே சூழலுக்கு இணங்கிய கட்டட வடிவமைப்பு என்பது, சுவரையும் கூரையையும் வரைவதற்கு முன்பே மழைநீரின் பாதையைக் குறித்துக்கொள்வதில் தொடங்கவேண்டியது.

நிலமும் நீர்வழியும்

மேற்கிலுள்ள காடு 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அய்யனார் கோயில் ஆறு ராஜபாளையம் பக்கமாகவும், செண்பகத்தோப்பு ஓடைகள் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கமாகவும் அங்கிருந்தே இறங்குகின்றன. ராஜபாளையம் நகராட்சியின் ஆறாவது மைல் குடிநீர்த் தேக்கம் அய்யனார் கோயில் ஆற்றை நம்பியிருக்கிறது. எஞ்சிய நீர் கண்மாய் கண்மாயாக இறங்கி, வைப்பாறு வழியே மன்னார் வளைகுடாவை அடைகிறது.

இந்தக் கண்மாய்த் தொடர்தான் வட்டாரத்தின் மூல மழைநீர் வடிகால். மேல் கண்மாய் நிறைந்தால் உபரிநீர் வழியும் கலுங்கு வழியே மறுகால் பாயும். அந்த மறுகாலே அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால். பழைய கலுங்குகளின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதை இன்றும் பார்க்கலாம். வெள்ள அபாயம் நீங்கிய பருவக் கடைசியில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே மண்ணையோ பலகையையோ அடைத்துத் தேக்கத்தின் உயரத்தைச் சற்றுக் கூட்டுவார்கள். பெருவெள்ளம் வந்தால் அடைப்பை எடுத்துவிடுவார்கள். ஒரே அமைப்பில் வெள்ளத்தையும் பஞ்சத்தையும் சமாளித்த அந்தக் கல்வரிசை, வெள்ளத்தை மட்டுப்படுத்தும் எந்த நவீனக் குளத்துக்கும் ஈடான பொறியியல்.

ஓடைகள் மேற்கிலிருந்து கிழக்கே ஓட, மதுரை–தென்காசி ரயில் பாதையும் திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலையும் மலைக்கு இணையாக அவற்றைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. ஒவ்வொரு ஓடையும் ஏதோ ஒரு சிறுபாலத்தின் கண் வழியாகத்தான் மறுபுறம் போயாக வேண்டும். கண் குறுகினாலோ குப்பையால் அடைபட்டாலோ சாலையின் மேற்குப் பக்கத்து வீடுகள் மூழ்கும். ஆகவே மனை வாங்குமுன் கிராம வரைபடத்தையும் புலப்படத்தையும் எடுத்து வைத்து, எங்கே ஓடை, எங்கே வாய்க்கால் புறம்போக்கு, கிழக்கே அருகிலுள்ள சிறுபாலம் எது என்று பார்ப்பது பொறியாளரின் முதல் வேலை. கோடையில் வண்டிப்பாதையாகத் தெரியும் பல தடங்கள் ஐப்பசியில் ஓடையாக மாறும்.

மழையின் இயல்பு

ஆண்டு மழை சுமார் 800 மி.மீ.; இதில் பாதியை ஒட்டி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மலை மழையைத் தடுத்துக்கொள்ள, ஊருக்குக் காற்றுதான் மிச்சம். சித்திரை, வைகாசியில் திடீர்க் கோடை மழை உண்டு. 2015 மே மாதம் இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில் திடீரெனப் பாய்ந்த காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. 2023 டிசம்பரில் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியது, அது இங்கே பெய்யும் ஆண்டு மழையைவிட அதிகம். எனவே சராசரி மழையை மட்டும் நம்பி வடிகாலுக்கு அளவு குறிப்பது தவறு. சேமிப்புக்குச் சராசரியும், வடிகாலுக்கு உச்சச் செறிவும் என இரண்டு கணக்குகள் தேவை.

உச்சக் கணக்குக்கு ஓட்டக் கெழு (பெய்த மழையில் வழிந்தோடும் பங்கு), மழைச்செறிவு, பரப்பு மூன்றையும் பெருக்கும் எளிய சூத்திரம் போதும். ஒரு ஹெக்டேர் மாந்தோப்பில் மணிக்கு 50 மி.மீ. மழை பெய்கிறது என்று கொள்வோம். ஓட்டக் கெழு 0.2 என்றால் வினாடிக்குச் சுமார் 28 லிட்டர் வெளியேறும். அதே தோப்பு மனைகளாகி, சாலையும் தளமும் சேர்ந்து கெழு 0.7 ஆனால், வெளியேற்றம் 97 லிட்டர். அடிவாரத்துத் தோப்புகள் மனைகளாகும்போதெல்லாம் கீழ்ப்பகுதிக்காரர் வாசலுக்கு வருகிற கூடுதல் நீர் இதுதான். மேலே வீடு கட்டுகிறவருக்கு இந்தப் பொறுப்பு உண்டு. இன்று அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

செவலும் கரிசலும்

மழைநீரை எங்கே உறிஞ்சவிடலாம், எங்கே கூடாது என்பதை மண் தீர்மானிக்கிறது. மலையடிவாரத்தில் செவல் மண்; கிழக்கே போகப்போகக் கரிசல் தலைகாட்டும். அடியில் இரண்டுக்கும் கடினப் பாறைதான். சிதைந்த மேற்பாறையிலும் வெடிப்புகளிலும்தான் நிலத்தடி நீர் தங்கும். செவலில் உறைகிணறும் உறிஞ்சு குழியும் நன்றாக வேலை செய்யும். கரிசலிலோ நீர் இறங்காது. மண் ஈரத்தில் வீங்கி, வெயிலில் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரத்தை ஒட்டி உறிஞ்சு குழி தோண்டினால் சுவரில் விரிசல் விழும். கரிசல் மனையில் கூரைநீரைத் தொட்டியில் சேமிப்பதே முதல் தேர்வு. நிலத்தில் இறக்கியே தீரவேண்டுமானால், சுவரை விட்டுத் தள்ளி, கரிசல் அடுக்கைத் தாண்டிச் சிதைந்த பாறை வரை உறை இறக்கவேண்டும். வீட்டைச் சுற்றி வெளிச்சரிவுள்ள தளப்பட்டை அமைப்பதும், வீங்கும் மண்ணுக்கேற்ற குமிழ்த் தூண் அஸ்திவாரமும் இங்கே செலவல்ல, காப்பீடு.

இரு ஊர்களிலும் வீட்டு மனைகளுக்குள் சிக்கிய பழைய இறவைக் கிணறுகள் உண்டு. அவற்றை மூடி மேலே தளம் போடுவது பெரிய இழப்பு. பாறை வரை தோண்டிய அத்தகைய கிணறு ஒன்றுக்கு முன்னால் மணல், ஜல்லி வடிகட்டித் தொட்டி அமைத்துக் கூரைநீரை விட்டால், புதிதாக வெட்டும் எந்தக் குழியையும்விட நன்றாக நீர் ஊறும்.

வீடும் ஆலையும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடித் தளம் 93 சதுர மீட்டர்; 800 மி.மீ. மழையில் 85 சதவீதம் கைக்கு வந்தால் ஆண்டுக்குச் சுமார் 63,000 லிட்டர் கிடைக்கும். ஆனால் 100 மி.மீ. பெய்யும் ஒரே நாளில் சுமார் 7,900 லிட்டர் வந்துவிடும். 5,000 லிட்டர் சம்ப் அதைத் தாங்காது. ஆகவே நிரம்பிய நீருக்கு வழிகுழாய் வைத்து, கிணற்றுக்கோ உறிஞ்சு குழிக்கோ கொண்டுபோக வேண்டும். பாதாளச் சாக்கடையோடு மட்டும் இணைக்கவே கூடாது. இணைத்தால் மழைநாளில் ஆள்நுழைவு மூடி வழியே கழிவுநீர் தெருவில் பொங்கும். முதல் ஒன்றிரண்டு மி.மீ. மழை தளத்தின் தூசியைக் கழுவி வரும். இந்தத் தளத்துக்கு 100 முதல் 200 லிட்டரை ஒதுக்கிவிட்ட பிறகே சேமிக்கவேண்டும்.

ராஜபாளையத்தின் உண்மையான வளம் அதன் நூற்பாலைக் கூரைகளில் இருக்கிறது. 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் முதலாக வளர்ந்த ஆலைத் தொழிலுக்கு, இழை அறாமலிருக்க ஈரக்காற்று வேண்டும். காற்றை ஈரமாக்கும் கருவிகளுக்கு உப்புக் குறைந்த தண்ணீர் வேண்டும். போர்வெல் நீரின் கடினம் தெளிப்பு முனைகளில் படிந்து அடைக்கும். மழைநீரிலோ உப்பு மிகக் குறைவு. பத்தாயிரம் சதுர மீட்டர் கூரை ஆண்டுக்கு 60 லட்சம் லிட்டருக்கு மேல் தரும். ரம்பப் பல் வடிவக் கூரைகளில் ஒவ்வொரு பல்லுக்கும் இடையே ஒரு பள்ளக் கால்வாய் ஓடும். பஞ்சுத் தூசி சேர்ந்து அடைபடும் இடமும் ஒழுகும் இடமும் அதுவே. இரு முனையிலும் இறங்குகுழாயும், நடுவில் அவசர வழிவாயும் இருப்பது நலம்.

வெப்பமும் சிமெண்டும்

வடக்கு வெளிச்சம் எப்போதும் குளிர்ச்சி என்ற பாடநூல் விதி இங்கே பொருந்தாது. ஊர் சுமார் 9.5 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலுக்கும் நிழல் தகடு வேண்டும். மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெள்ளை ஓடோ போதும். அது கூரைநீரையும் தூய்மையாக வைக்கும்.

சிமெண்ட் தயாரிப்பின் கரி உமிழ்வில் பெரும்பகுதி கிளிங்கரிலிருந்து வருகிறது. நிலக்கரிச் சாம்பல் கலந்த போசோலானா சிமெண்ட் அதைக் குறைக்கும். இந்திய தர நிர்ணயப்படி 35 சதவீதம் வரை சாம்பல் கலக்கலாம். ஆனால் இதற்குத் தண்ணீர் கட்டுவது 10 நாளுக்குக் குறையக்கூடாது. வெயில் காலத்தில் 14 நாள் வேண்டும். மழைநீர்த் தொட்டியை முதலில் கட்டிவிட்டால், கட்டுமானத்துக்கான டேங்கர் செலவும் குறையும்.

விதிகளும் பராமரிப்பும்

2003இல் தமிழகம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய அரசு நடவடிக்கை நாட்டுக்கே முன்னோடி. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளிலும் அது தொடர்கிறது. கண்மாய்களைக் காக்க 2007இன் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவுகளில் 10 சதவீதத் திறந்தவெளி ஒதுக்கவேண்டும். அந்த இடத்தை மனைக்கு உதவாத மூலையில் தள்ளாமல், பிரிவின் தாழ்ந்த பகுதியில் ஊருணியாக அமைத்தால், மேலே கணக்கிட்ட கூடுதல் ஓட்டம் அங்கேயே தங்கி மெல்ல மறுகால் பாயும். 2006இல் சிங்கப்பூர் தொடங்கிய நீர்த்திட்டமும், சீனத்தின் ‘ஸ்பாஞ்ச் நகரம்’ கொள்கையும் இதே நோக்கில் இயங்குபவை. நமக்கு ஊருணி ஏற்கெனவே பழக்கமானது.

2003இல் கட்டிய குழிகளில் பல வண்டல் அடைந்து பயனற்றுப் போயின. ஆண்டுதோறும் புரட்டாசியில் தளத்தைக் கூட்டி, இறங்குகுழாயின் வலையைக் கழுவி, வடிகட்டியின் மேல் மணலை மாற்றி, வழிகுழாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிடவேண்டும். கட்டட உரிமையாளரிடம் சாவி ஒப்படைக்கும்போதே இந்தப் பட்டியலையும், குழாய்கள் ஓடும் வரைபடத்தையும் கட்டடக் கலைஞர் கையோடு கொடுக்கவேண்டும்.