பன்றியும் நாயும் மோப்பம் பிடித்த புதையல்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

'கம்அ' பற்றிய ஹதீஸ் நம்மில் பலருக்குத் தெரியும். அது 'மன்னு' வகையைச் சேர்ந்தது, அதன் நீர் கண்ணுக்கு மருந்து என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் 'காளான்' என்று வருவதால், மழை விட்டதும் வேலியோரத்தில் குடை விரிக்கும் காளானைத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதுவல்ல இது. கம்அ மண்ணுக்கடியில் உருளைக்கிழங்கு போலக் கிடப்பது. குடையுமில்லை, காம்புமில்லை. (ஆகவே தயவுசெய்து யாரும் முற்றத்துக் காளானைக் கண்ணில் பிழிந்துவிட வேண்டாம்!)

பாலைவனத்தில் இதைத் தேட விலங்கு தேவையில்லை. மழைக்குப் பிறகு கம்அ பருக்கும்போது மேல்மண் வெடித்துச் சின்ன மேடாகத் தெரியும். பழகிய கண்ணுக்கு அது போதும்.

இதன் ஐரோப்பிய உறவுக்காரன்தான் ட்ரஃபிள். பிரான்ஸின் பெரிகோர் கறுப்பு ட்ரஃபிளும் இத்தாலியின் ஆல்பா வெள்ளை ட்ரஃபிளும் உலகின் மிக விலையுயர்ந்த உணவுகளில் சேர்ந்தவை. ஓக் போன்ற மரங்களின் வேரோடு ஒட்டி வாழும். மரம் அதற்குச் சீனிச்சத்தைக் கொடுக்கும், அது மரத்துக்கு மண்ணிலிருந்து நீரையும் கனிமங்களையும் உறிஞ்சிக் கொடுக்கும். மண்ணுக்குள்ளேயே இருப்பதால் தன் வித்திகளைக் காற்றில் விட வழியில்லை. ஏதாவதொரு பிராணி தோண்டித் தின்று வேறிடத்தில் எச்சமிட்டால்தான் அதன் சந்ததி பரவும். அதனால்தான் முற்றியதும் அப்படியொரு வாசனை. மனிதன் செய்ததெல்லாம், அந்தப் பிராணியின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டிப் பின்னால் நடந்ததுதான்.

முதலில் அந்தக் கயிறு பெண் பன்றியின் கழுத்தில் இருந்தது. 1981 இல் ஜேர்மனிய ஆய்வாளர்கள், ஆண் பன்றியின் உமிழ்நீரிலுள்ள ஒரு பொருள் ட்ரஃபிளிலும் இருப்பதாகக் கண்டார்கள். பெண் பன்றி தன் இணை என்று ஏமாந்துதான் தோண்டுகிறது என்ற கதை உலகமெங்கும் பரவியது. ஆனால் 1990 இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்தப் பொருளையே தனியாக மண்ணில் புதைத்துப் பார்த்தபோது பன்றி அதைக் கணக்கெடுக்கவில்லை. ட்ரஃபிளின் வாசனையிலுள்ள கந்தகச் சேர்வையொன்றைத்தான் பன்றியும் நாயும் தேடிப்போயின. பழைய கதை சுவையாக இருப்பதால் இன்றும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பன்றியில் இரண்டு சிக்கல். கண்டதைத் தானே தின்றுவிடும், போட்டி போட்டுப் பறித்தால் விரல் மிஞ்சுவது சந்தேகம். அத்தோடு மண்ணை உழுது பூசண இழைகளையும் நாசமாக்கும். 1985 இல் இத்தாலி கொண்டுவந்த சட்டம் ட்ரஃபிள் தேட நாயை மட்டுமே அனுமதித்தது. நாய்க்கு ட்ரஃபிளில் பெரிய ஆசையில்லை, ஒரு துண்டு பாண் கிடைத்தால் இடத்தைக் காட்டிவிட்டு விலகி நிற்கும். ரொமாஞ்ஞா சதுப்பு நிலங்களில் நீர்ப்பறவை வேட்டைக்குப் பழக்கிய 'லகொட்டோ' என்ற சுருள்முடி நாய், சதுப்புகள் வடிக்கப்பட்டு வேலையிழந்தபின் ட்ரஃபிள் தேடுவதற்கு மாறியது. ஆல்பாவுக்கு அருகே ரோடி என்ற ஊரில் 1880 இலேயே இந்த நாய்களுக்கென ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கி, ஊரார் அதைப் 'பல்கலைக்கழகம்' என்றே அழைக்கிறார்கள். ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தனிச் சந்தோஷம். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணியைப் பற்றி சூரா அல்மாயிதாவும் பேசுவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸில் ஆண்டுக்கு ஆயிரம் தொன்னுக்கும் மேல் ட்ரஃபிள் எடுக்கப்பட்டதாக மதிப்பிடுகிறார்கள். இன்று கிடைப்பது சில பத்துத் தொன்கள். எங்கே போனது?

காடழிந்தது, காலநிலை மாறியது என்று உடனே சொல்லத் தோன்றும். முதல் வீழ்ச்சிக்கு அது காரணமல்ல. அந்த ஆயிரம் தொன் இயற்கைக் காடு தந்ததே அல்ல, மனிதர் நட்டது. 1810 அளவில் வோக்லூஸ் பகுதியில் ஜோசப் தலோன் என்ற விவசாயி, ட்ரஃபிள் விளையும் ஓக் மரத்தின் விதைகளைக் கல்லுநிலத்தில் விதைத்தார். சில வருடங்களில் அந்தக் கன்றுகளின் அடியிலும் ட்ரஃபிள். 1847 இல் கார்ப்பந்திராவைச் சேர்ந்த ஒகுஸ்த் ரூசோ இதையே பெரிய அளவில் செய்து, 1855 பாரிஸ் கண்காட்சியில் பரிசும் வாங்கினார். பிறகு 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலொக்ஸெரா பூச்சி பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. பட்டுப்போன கொடிகளைப் பிடுங்கிய விவசாயிகள் பல இடங்களில் ஓக் நட்டார்கள். நூற்றாண்டின் இறுதியில் அறுவடை குவிந்தது அதனால்தான்.

அதன்பின் 1914. முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸ் 13 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. பெரும்பகுதியினர் கிராமத்து இளைஞர்கள். எந்த மரத்தடியில், எந்த மாதத்தில் தேட வேண்டும் என்பதைத் தகப்பன் மகனுக்கு மட்டுமே சொல்லும் தொழில் இது. மகன் வெர்டனில் புதைந்தபோது அந்த அறிவும் கூடவே புதைந்தது. எஞ்சியவர்கள் நகரங்களுக்குப் போனார்கள். ட்ரஃபிளுக்கு வெயில் விழும் திறந்த மண் வேண்டும். ஆடு மேயவில்லை, விறகு வெட்டவில்லை, கிளை நறுக்க ஆளில்லை. மரங்கள் அடர்ந்து நிழல் மூடியது, விளைச்சல் நின்றது. நட்ட மரம் காய்ப்புக்கு வரப் பத்து வருடமளவு பிடிக்கும், சில பத்தாண்டுகளில் ஓய்ந்துவிடும். பழையவை ஓய்ந்தபோது புதியவை நடப்பட்டிருக்கவில்லை. யுத்தத்தில் விட்டுவந்த காணி திரும்பிப் போனபோது காடாகிக் கிடந்ததைக் கண்டவர்கள் நம் சமூகத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கம்அவுக்கும் இதே கதிதான், இன்னும் கொடூரமாக. சிரியாவில் கண்ணிவெடி விதைக்கப்பட்ட பாலைவனத்துக்கு வறுமையால் கம்அ பொறுக்கப் போகிறார்கள். 2023 பெப்ரவரியில் சுக்னா பகுதியில் அப்படிப் போனவர்களில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள்.

காலநிலை வந்தது இரண்டாவது அடியாக. குளிர்காலத்தில் எடுக்கும் கறுப்பு ட்ரஃபிள் மண்ணுக்குள் வளர்வது கோடையில். கோடை மழை பொய்த்தால் அடுத்த குளிர்காலச் சந்தை வெறுமை. ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி அறுவடைகளில் இந்தத் தொடர்பை 2012 இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. புவி வெப்பமாதல் கட்டுப்படாவிட்டால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் ஐரோப்பிய விளைச்சல் 78 முதல் 100 வீதம் வரை குறையலாம் என்றது 2019 இல் வந்த இன்னொன்று.

1970களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேரில் பூசணம் ஏற்றிய கன்றுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பிரான்ஸ் இழந்த இடத்தை அந்த முறையால் பிடித்துக்கொண்டது ஸ்பெயின். தெருவெல் மாகாணத்தின் சரியோன் என்ற, ஆட்கள் வெளியேறிக்கொண்டிருந்த வறண்ட ஊரைச் சுற்றி இன்று நீர்பாய்ச்சும் ஓக் தோட்டங்கள். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் 1999 இல் முதல் ட்ரஃபிள் எடுத்தார்கள். குழாயில் நீர் வருகிறது, மரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனாலும் எந்த மரத்தடியில் எது முற்றியிருக்கிறது என்று சொல்ல இதுவரை ஒரு இயந்திரமும் நாயை வென்றதில்லை. அங்கேயும் காலையில் முதலில் தோட்டத்துக்குள் இறங்குவது நாய்தான்.