மின்இணைப்பு இல்லாத இடத்தில் கேம்பர்வேன்: சோற்றுக்கும் பேட்டரிக்கும் ஒரு கணக்கு

நியூசிலாந்தின் மவுண்ட் குக் மலையடிவாரத்தில் உள்ள ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாம் தளத்தில் கண்விழித்தால் எதிரே பனிமலை. ஆனால் வாகனத்தை மின்சாரத்தில் இணைக்க அங்கு வசதி இல்லை. இயற்கைப் பாதுகாப்புத் துறை நடத்தும் முகாம் தளங்களில் பெரும்பாலானவை அப்படித்தான்.

கட்டணம் கூடிய தனியார் தளங்களில் 230 வோல்ட் மின்சாரம் கிடைக்கும். அந்த இணைப்பைக் கழற்றினால் பெரும்பாலான வாடகை வாகனங்களில் மைக்ரோவேவும் சுவர்ப் பிளக்குகளும் வேலை செய்யா. விளக்கு, தண்ணீர்ப் பம்பு ஆகியவை 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும். அடுப்புக்கு எரிவாயு.

நம்மவர்கள் தடுமாறுவது ரைஸ் குக்கரில்தான். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே செலவழிப்பது நல்லது. அதாவது சுமார் 600 வாட்-மணி. 500 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் 250 வாட்-மணியைக் குடித்துவிடும். இன்வெர்ட்டரில் வீணாவது தனி. குளிர்பதனப் பெட்டியும் பேட்டரியில் ஓடினால் ஒரு நாளைக்கு 400 வாட்-மணிவரை தேவைப்படலாம். இரண்டும் சேர்ந்தால் கணக்கு உதைக்கிறது. எனவே சூடாக்கும் வேலையெல்லாம் எரிவாயுவுக்கே. சிறிய பிரஷர் குக்கர் ஒன்று பெட்டியில் இருந்தால் போதும். எல்இடி விளக்குகளும் கைப்பேசிகளும் பெரிய செலவு அல்ல.

வாகனம் ஓடும்போது பேட்டரி மின்னேறும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகள் தங்கும்போதுதான் சிக்கல். கூரையில் சூரிய மின்தகடு இருந்தால் டிசம்பரில் நன்றாகக் கைகொடுக்கும். சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை என்றால் அங்கே குளிர்காலம். பகல் குறைவு, வெயிலும் சாய்ந்தே விழும். டீசல் ஹீட்டர் டீசலை எரித்தாலும் அதன் விசிறிக்குப் பேட்டரி வேண்டும். பேட்டரி தீர்ந்தால் இரவு முழுவதும் குளிர்தான். முதல்முறை செல்வோர் ஜூனில் ஓரிரு இரவுகளுக்கு ஒருமுறை மின்இணைப்புள்ள தளத்தில் தங்குவதே மேல்.

குளிருக்காகச் சமையல் அடுப்பை எரியவிட்டுத் தூங்கக்கூடாது. மூடிய வாகனத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். எச்சரிக்கைக் கருவி உள்ளதா, அது வேலை செய்கிறதா என்பதை வாகனத்தைப் பெறும்போதே சோதிக்க வேண்டும்.

தண்ணீருக்கு, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 லிட்டர். நால்வருக்கு மூன்று நாள்களுக்கு 48 லிட்டர். குளியல் இதில் சேராது. கழிவுத் தொட்டியை அதற்கென உள்ள நிலையங்களில் மட்டுமே காலி செய்யலாம்.