கட்ட அணி வானிலை ரேடாரில் தளவிளைவுப் பிழைத் திருத்தம்

கட்ட அணி வானிலை ரேடார் கதிரைத் திருப்பும் திசைக்கேற்ப அதன் தளவிளைவு அளவீடுகளில் (கிடைத்தளத்திலும் செங்குத்துத் தளத்திலும் அதிரும் அலைகளை ஒப்பிடும் அளவீடுகளில்) ஏற்படும் பிழையைக் கணித்து நீக்கும் முறைகளின் தொகுப்பு இது.

பெரிய மழைத்துளி விழும்போது இட்லியைப் போல அகன்று தட்டையாகிறது. அதனால் கிடைத்தள அலையை அது செங்குத்து அலையைவிட வலுவாகத் திருப்பி அனுப்புகிறது. இவ்விரண்டின் விகிதமே எதிரொளிப்பு வேறுபாடு. தூறலில் இது சுழிக்கு அருகிலும், பெருந்துளி மழையில் சில டெசிபலாகவும் இருக்கும். உருண்டு புரண்டு விழும் ஆலங்கட்டியில் மீண்டும் சுழியை நெருங்கும். மழையளவைச் சரியாகக் கணிக்க இந்த விகிதம் ஏறக்குறைய 0.1 டெசிபல் துல்லியத்தில் வேண்டும்.

கிண்ண ஆண்டெனா சுழன்றாலும் எப்போதும் தன் அச்சின் வழியே பார்ப்பதால், அதன் பிழை ஏறத்தாழ மாறாத ஒரே எண். கட்ட அணியிலோ, பல சிறு ஆண்டெனாக் கூறுகள் கொண்ட முகப்பு அசையாமல் நிற்க, கதிர் மட்டும் மின்னணு முறையில் திரும்புகிறது. அத்தகைய கூறாகக் கிடையாக வைத்த இருமுனைக் கம்பியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அதன் நீளம் குறுகித் தெரியும். அந்தத் திசையில் அது வீசும் அலையும் தளர்கிறது. செங்குத்துக் கம்பிக்கு இந்த இழப்பு இல்லை. முகப்பிலிருந்து 45 பாகை விலகிய திசையில் போகவர இருவழியிலும் சேர்ந்து கிடைத்தள அலை 6 டெசிபல் கூடுதலாக இழக்கிறது. அளக்க வந்த மழைக்குறியை விடவே பெரிய பிழை இது. கிடையாகவும் மேலாகவும் ஒருசேர விலகிய மூலைத் திசைகளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கிடைத்தள அலையின் ஒரு பகுதி செங்குத்துத் தடத்தில் கசிகிறது.

குயிஃபு ஜாங், ரிச்சர்ட் டோவியாக், துஷான் ஸ்ர்னிச் உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட கோட்பாடு இதற்கு அடித்தளம் இட்டது. ஒவ்வொரு கதிர்த் திசைக்கும் அணியின் திரிபை 2×2 கணித அணியாக எழுதி, அதன் நேர்மாறை அளவீட்டில் பெருக்கினால் மழையின் உண்மைப் பண்பு மீளும். கசிவு சிறிதாக உள்ள திசைகளில் மூலைவிட்ட உறுப்புகளை மட்டும் திருத்தினாலே போதும். கணக்கு வெகுவாகக் குறையும். இரு அலைகளையும் ஒரே நேரத்தில் அனுப்பும் முறையில் கசிவு நேரடியாகப் புகுவதால், செங்குத்து அலையின் கட்டத்தைத் துடிப்புக்குத் துடிப்பு 180 பாகை மாற்றுகிறார்கள். கசிந்த பகுதி அடுத்தடுத்த துடிப்புகளில் குறி மாறிச் சராசரியில் பெரும்பாலும் அழிகிறது.

சூத்திரத்தைவிட அதற்குரிய எண்களைப் பெறுவதே கடினம். கிண்ண ரேடார் தலைக்கு மேலே மழையை நோக்கி, கீழிருந்து வட்டமாகத் தெரியும் துளிகளைக் கொண்டு தன்னைச் சரிபார்க்கும். நிமிர்ந்து நிற்கும் தட்டை முகப்பால் அது முடியாது. ஆகவே தொலைவில் கோபுரம் நிறுத்தி, அதிலுள்ள ஆண்டெனாவைக் கொண்டு திசைதிசையாக அளக்க வேண்டும். தரையில் தெறிக்கும் அலைகள் அங்கும் குழப்பும். கூறுகள் ஒன்றையொன்று பாதிப்பது, வெப்பநிலை மாற்றம், பழுதான கூறுகள் ஆகியவை அளந்து வைத்த எண்களையும் காலப்போக்கில் மாற்றிவிடும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநில நார்மனில் 2018இல் நிறுவப்பட்ட சோதனை ரேடார் இத்துறையின் முக்கியக் களம். ஒவ்வொன்றிலும் 64 கூறுகள் உள்ள 76 பலகைகள், மொத்தம் 4,864 கூறுகள் அதில் உண்டு. அதன் பீடமும் சுழலும். அதனால் ஒரே மழையை நேர்முகமாகவும், கதிரைத் திருப்பியும் பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்தே பிழையைக் கண்டறிய முடிகிறது. ஓக்லஹோமா பல்கலைக்கழகம் உருவாக்கிய உருளை வடிவ அணி வேறு வழியில் செல்கிறது: கிடைத்திசையில் கதிர் எப்போதும் நேர்முகமாகவே அமைவதால், திசைக்குத் திசை மாறும் பிழை அங்கு பெரும்பாலும் எழுவதில்லை.