ஆற்றுப்படையும் அண்ணாவியும்

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தனைக் காண்கிறான். தான் சென்ற வழியையும், வள்ளலின் ஊரையும், இடையில் உண்ணக் கிடைப்பனவற்றையும் எடுத்துரைத்து அவனை அனுப்பி வைக்கிறான். இதுவே ஆற்றுப்படை, ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இவ்வகையின. 583 அடிகளையுடைய மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றே மறுபெயர் உண்டு. இப்பாட்டுகளை வள்ளலின் புகழாகவே நமக்குக் கற்பித்தனர். கலைஞரின் தோழமையாகவும் நாம் அவற்றைப் படிக்க வேண்டும். தனக்குத் திறந்த வாயிலைப் பிறனுக்கு மறைக்காத தொழிற்பண்பு அது.

பின்னர் என்ன நிகழ்ந்தது? கூத்தர் என்னும் மதிப்புச்சொல் இருந்த இடத்தில் கூத்தாடி என்னும் ஏச்சு வந்தமர்ந்தது. ஆடியவனின் கால் மாறவில்லை. பார்த்த சமுதாயத்தின் கண்ணே மாறிற்று. மேடையிலிருந்து திரைப்படத்துக்குச் சென்றவரையும் அந்த ஏச்சு விடவில்லை. 1952இல் சென்னையில் தென்னிந்திய நடிகர் சங்கம் எழுந்தபோது, சிதறிக் கிடந்தோர் ஒன்றுகூடித் தம் மதிப்பைத் தாமே மீட்க முயன்றனர் என்று கொள்ளலாம்.

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் மதிப்பிழக்காத சொல் ஒன்று வாழ்கிறது: அண்ணாவி. தமிழ்க் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்குபவர் அண்ணாவியார். முஸ்லிம் ஊர்களில் பொல்லடி பழக்குபவரும் அண்ணாவியாரே! தென்பாண்டி நாட்டிலோ திண்ணைப் பள்ளி ஆசிரியருக்கு இப்பெயர் வழங்கிற்று. கற்பிப்பவனையும் ஆடுவிப்பவனையும் ஒரே பெயரால் அழைத்த மக்கள், சமயத்தால் அப்பெயரைக் கூறுபோடவில்லை.

இத்தொடர்பு மொழியையும் கடந்தது. சிங்கள 'நாடகம' மரபைக் கொண்டு சரத்சந்திரர் 1956இல் 'மனமே'யைப் படைத்தார். அம்மரபோ தமிழ்க் கூத்தோடு உறவுடையது. பேராதனையில் வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். கல்முனைப் பகுதியில் 'மழைக்கை' என்னும் பாநாடகம் எழுதிய நீலாவணன் (1931–1975), கல்முனைக்குடி இளைஞர் எம். ஏ. நுஃமானைக் கவிதை வழியில் ஆற்றுப்படுத்தினார். யாழ்ப்பாணத்து மஹாகவியின் 'கோடை' என்ற பாநாடகம் 1970இல் கல்முனை வாசகர் சங்க வெளியீடாக வந்தது. வள்ளல் எவருமில்லை, கலைஞனுக்குக் கலைஞனே துணை.

1985இலும் 1990இலும் சிந்திய இரத்தம் இவ்வழிகளை அடைத்தது. அடுத்த ஊர் அந்நிய ஊராயிற்று. 2004இல் கடலும் பொங்கிக் கரையை அழித்தது. இன்று இலங்கையில் ஆற்றுப்படுத்தல் என்றால், துயருற்றோர்க்கு உளத்துணை அளித்தல் என்றே பலரும் கொள்வர். வழி என்ற பொருள் மங்கி, ஆறுதல் என்ற பொருளே செவியில் ஒலிக்கிறது. இம்மாற்றம் இழிவன்று, நொந்த மக்களின் தேவை சொல்லுக்குப் புதுப்பொருள் தந்தது. எனினும் ஒன்றை மறக்கலாகாது. ஆறுதல் கூறுவோன் கரையில் நிற்கிறான். கூத்தராற்றுப்படையிலோ வழி சொன்னவனும் கேட்டவனும் ஒரே வறுமையை அறிந்தவர்கள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் அடுத்த ஊர் அண்ணாவியாரைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயரைக் குறித்துக்கொண்டு அவ்வூருக்குச் செல்லுங்கள். அடைபட்ட வழி நடப்பதால்தான் திறக்கும்.